கூட்டமும் கருவூலமும்: இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களும் ஏற்ற வேட்கையும்

ஓர் ஊரின் உதைபந்தாட்டக் கழகத்தைக் காண முப்பதினாயிரம் பேர் கூடுகின்றனர். அயலூர்க் கழகத்தைக் காண்போர் பதினாயிரவரே. முன்னையது கீழ்ப்பிரிவிலும் பின்னையது மேற்பிரிவிலும் ஆடுமாயின், அம்முப்பதினாயிரவர் உள்ளத்தில் எழும் எண்ணம் யாது? 'நாம் இருக்கவேண்டிய இடம் இதுவன்று' என்பதே. இங்கிலாந்து நாட்டிலே ஆடுபருவம் தொடங்கும் ஓகஸ்ற் மாதந்தோறும் இவ்வெண்ணம் பல நகரங்களிற் புதிதாகப் பிறக்கின்றது. மே மாதத்திற்குள் பெரும்பாலும் மடிகின்றது. அடுத்த ஓகஸ்றில் மீண்டும் தளிர்க்கின்றது. கூட்டத்தின் பருமன், கழகத்தின் வருவாய், ஏற்றம் பற்றிய எதிர்பார்ப்பு என்னும் மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதையும், கூட்டம் பெரிதாயின் ஏற்றம் உரிமையாகுமா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏணியின் அமைப்பு

இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக் 1888ஆம் ஆண்டில் 12 கழகங்களுடன் தொடங்கிற்று. 1892இல் இரண்டாம் பிரிவு தோன்றியது. மேற்பிரிவின் கடைநிலைக் கழகங்களும் கீழ்ப்பிரிவின் முதனிலைக் கழகங்களும் தம்முள் ஆடித் தகுதி காணும் முறை சில ஆண்டுகள் வழங்கியபின், 1898இல் அது கைவிடப்பட்டது. அன்றுமுதல் அட்டவணையில் ஒரு கழகம் பெறும் இடமே அதன் பிரிவைத் தீர்மானிப்பதாயிற்று. மேற்பிரிவுக்குச் செல்வதை ஏற்றம் என்றும், கீழ்ப்பிரிவுக்கு வருவதை இறக்கம் என்றும் இங்கே குறிப்போம். நெடுங்காலம் முதலிரு பிரிவுகளுக்கிடையே இரு கழகங்களே ஏறின, இரண்டே இறங்கின. 1973-74ஆம் பருவத்தில் அவ்வெண்ணிக்கை மூன்றாயிற்று. 1987இலிருந்து, முதலிடங்களைத் தவறவிட்டு அவற்றின் பின்னே நிற்கும் கழகங்கள் பருவ முடிவிலே தம்முட் பொருதி எஞ்சிய ஏற்றத்தைப் பெறும் முறையும் வழக்கிற்கு வந்தது. 1992இல் முதற்பிரிவுக் கழகங்கள் பிரிந்து 'பிரிமியர் லீக்' எனத் தனியமைப்பாயின. அதற்கு அடுத்த படி இன்று 'சம்பியன்ஷிப்' எனப்படும். அப்படியில் 24 கழகங்கள் உள. அவற்றுள் ஏறுவன மூன்றே.

இவ்வேணியின் சிறப்பு யாதெனில், அதன் அடியில் நிற்பவனுக்கும் உச்சி தெரிகின்றது என்பதாகும். சிற்றூர்க் கழகமொன்று ஒவ்வொரு படியாக ஏறி நாட்டின் முதனிலைக் கழகங்களோடு பொருதலாம். பெருநகர்க் கழகமொன்று ஒவ்வொரு படியாக இறங்கி மறக்கப்படவுங் கூடும். நம்பிக்கையும் அச்சமும் இவ்வாறு ஒரே மரத்தின் இரு கிளைகளாய் நிற்பதனாலேயே அந்நாட்டு மக்கள் அவ்விளையாட்டிற் பெரிதும் ஈடுபட்டுள்ளனர்.

வாயிற்பணமே வாழ்வாய் இருந்த காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், வேறு பொழுதுபோக்கு அரிதாய் இருந்த நாட்களில், ஆடுகளங்களில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். 1948-49ஆம் பருவத்தில் லீக் ஆட்டங்களைக் கண்டோரின் தொகை 4 கோடி 12 இலட்சத்தைத் தாண்டிற்று. அன்று கழகங்களுக்கிருந்த வருவாயிற் பெரும்பங்கு வாயிலிலே தண்டிய நுழைவுக் கட்டணமாகும். ஆகவே கூட்டம் என்பதும் செல்வம் என்பதும் அக்காலத்தில் ஏறத்தாழ ஒருபொருட் சொற்களாய் இருந்தன எனலாம்.

ஆயினும் அன்றுங்கூடக் கூட்டம் பெரிதான கழகமே எப்பொழுதும் வென்றதில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஆட்டக்காரர் பெறும் ஊதியத்துக்கு 1901ஆம் ஆண்டுமுதல் ஓர் உச்ச வரம்பு இருந்தது. தொடக்கத்தில் வாரத்திற்கு 4 பவுணாக இருந்த அவ்வரம்பு, 1958இல் 20 பவுணாக உயர்ந்திருந்தது. செல்வமிக்க கழகமும் வறிய கழகமும் அதற்கு மேற் கொடுத்தல் இயலாது. இரண்டாவது, லீக் ஆட்டங்களில் தண்டிய கட்டணத்தில் ஒரு பகுதி வந்து ஆடும் கழகத்துக்கும் பகிரப்பட்டது. பெருநகரத்துக் கூட்டத்தின் பணத்திற் சிறிதளவேனும் சிற்றூரையும் சென்றடைந்தது.

இவ்விரு தடைகளும் காலப்போக்கில் நீங்கின. ஊதிய வரம்பு 1961 சனவரியில் ஒழிந்தது. அவ்வாண்டிலேயே புல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெயின்ஸ் வாரத்திற்கு 100 பவுண் பெறும் முதல் ஆட்டக்காரரானார். லீக் ஆட்டக் கட்டணத்தைப் பகிரும் வழக்கமும் 1983இல் கைவிடப்பட்டது. இதற்கிடையிற் கூட்டமே மெலிந்துகொண்டு வந்தது. தொலைக்காட்சியின் வரவு, பழுதுற்ற ஆடுகளங்கள், பார்வையாளரிடையே நிகழ்ந்த கலகங்கள், தொழில் நகரங்களின் நலிவு ஆகியன மக்களை விலகச் செய்தன. 1985-86ஆம் பருவத்தில் மொத்த வருகை ஏறத்தாழ 1 கோடி 65 இலட்சமே. நாற்பது ஆண்டுகளுக்குள் ஐந்தில் மூன்று பங்கு பார்வையாளரை அவ்விளையாட்டு இழந்திருந்தது.

1989 ஏப்பிரல் 15ஆந் தேதி செபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ ஆடுகளத்தில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் உயிரிழக்க நேர்ந்த துயரம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அதனை ஆராய்ந்த ரெயிலர் பிரபுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கையின் பயனாக, மேலிரு பிரிவுகளின் ஆடுகளங்கள் யாவும் இருக்கைகள் கொண்டனவாக மாற்றப்பட்டன. புதிய ஆடுகளங்கள் எழுந்தன, கட்டணமும் உயர்ந்தது, விட்டுப்போன மக்கள் மீண்டனர். கூட்டம் மீண்டதென்பது உண்மை. ஆனால் அது மீண்டுவந்த வேளையில், கருவூலத்தின் திறவுகோல் வேறொருவர் கைக்குச் சென்றுவிட்டது.

தொலைக்காட்சிப் பணமும் இருக்கைப் பணமும்

பிரிமியர் லீக்கின் முதலாவது ஒளிபரப்பு ஒப்பந்தம் 1992இல் ஐந்து ஆண்டுகளுக்கு 30 கோடி 40 இலட்சம் பவுண் என அறிவிக்கப்பட்டது. அதன்பின் அத்தொகை பன்மடங்கு பெருகிற்று. 2022-23ஆம் பருவத்திற் கடைசி இடத்தைப் பெற்று இறங்கிய சவுத்ஹம்ரன் கழகத்திற்குக்கூட பிரிமியர் லீக்கின் பொதுநிதியிலிருந்து 10 கோடிப் பவுணுக்கு மேற் கிடைத்தது. அதற்கு ஒரு படி கீழேயுள்ள சாதாரண சம்பியன்ஷிப் கழகம் பெற்ற பொதுப்பங்கு, அதில் ஏறத்தாழப் பத்திலொன்றே.

இவ்வேற்றுமையின் அளவை உணர்தற்கு ஓர் எளிய கணக்கினைச் செய்து பார்ப்போம். சம்பியன்ஷிப்பில் ஒரு கழகம் தன் ஊரில் ஆடும் ஆட்டங்கள் 23. கழகம் ஒன்றுக்குச் சராசரியாக 25,000 பேரும் கழகம் இரண்டுக்கு 10,000 பேரும் வருகின்றனர் எனவும், ஒருவர் வருகையால் ஓர் ஆட்டத்திற் கழகத்துக்கு 20 பவுண் சேருகின்றது எனவும் வைத்துக்கொள்வோம். கூட்ட வேற்றுமை 15,000. அதனை 23ஆலும் 20ஆலும் பெருக்கினால் வருவது 69 இலட்சம் பவுண். அதாவது, இரண்டரை மடங்கு கூட்டம் ஓர் ஆண்டு முழுவதும் மழையென்றும் பனியென்றும் பாராது வந்து கொடுத்த மேலதிகப் பணம், மேற்பிரிவிற் கடைசியாய் வந்த கழகம் பெற்ற பொதுப்பங்கிற் பதினைந்திலொரு பகுதிதான். பெருங்கூட்டம் பெரும் அனுகூலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இடையிலுள்ள மதிலைத் தாண்டுதற்கு அவ்வனுகூலம் மட்டும் போதாது.

இதனோடு இன்னொன்றையுஞ் சேர்த்து எண்ணுதல் வேண்டும். மேற்பிரிவிலிருந்து விழும் கழகங்கள் அடிபடாதிருத்தற்காகப் 'பரசூட் கொடுப்பனவு' எனும் உதவிப்பணம் வழங்கப்படுகின்றது. மேற்பிரிவுக் கழகங்கள் சமமாகப் பகிரும் ஒளிபரப்புப் பங்கில் முதலாண்டு 55 வீதமும், இரண்டாமாண்டு 45 வீதமும், ஒரு பருவத்துக்கு மேல் அங்கிருந்த கழகமாயின் மூன்றாமாண்டு 20 வீதமும் கொடுக்கப்படும். விழுந்தவரைக் காத்தல் நன்றே. ஆயினும் அதன் விளைவாக, கீழே நெடுநாள் காத்துநிற்கும் கழகம் ஒவ்வோராண்டும் தன்னினும் பன்மடங்கு பணம் படைத்த புதுவரவுகளோடு மூன்றே மூன்று இடங்களுக்காகப் போட்டியிட வேண்டியதாகின்றது.

நம்பிக்கை விலைப்படும் விதம்

இனி எதிர்பார்ப்பின் கணக்கைப் பார்ப்போம். 24 கழகங்களுள் 12 கழகங்களின் ஆதரவாளர், 'இவ்வாண்டு நாம் ஏறியே தீரவேண்டும்' என்று கருதுவதாக வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் யாவரும் தெய்வ வலிமை பெற்று ஆடினும், பயிற்றுநர் யாவரும் தவறே இழையாது நடத்தினும், அவற்றுள் 9 கழகங்கள் ஏமாற்றம் அடைந்தே தீரும். இஃது எவருடைய குற்றமும் அன்று, எண்ணின் இயல்பு. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஏமாற்றம் தனித்தனியே உணரப்படுவதால், ஒவ்வோர் ஊரிலும் ஒரு குற்றவாளி தேடப்படுகின்றான். பயிற்றுநர் நீக்கப்படுவார், புதியவர் வருவார், அவர் விரும்பும் புதிய ஆட்டக்காரருக்குப் பணம் வேண்டும்.

எதிர்பார்ப்பைக் கழகங்கள் தாமே வளர்ப்பதும் உண்டு. பருவம் முழுவதற்குமான இருக்கைச் சீட்டுகள் கோடையில், ஆட்டங்கள் இல்லாத நாட்களில் முன்கூட்டியே விற்கப்படுகின்றன. அவ்விடைக்காலத்தில் ஊதியங் கொடுக்க உதவும் பணம் பெரும்பாலும் அதுவே. எனவே இன்னும் ஆடப்படாத ஆட்டத்தை விற்கவேண்டியிருக்கின்றது. ஆடப்படாத ஆட்டத்தில் விற்கத்தக்கது நம்பிக்கையைத் தவிர வேறென்ன? 'இவ்வாண்டு பத்தாம் இடத்தைப் பெறுவோம்' என்று கூறிச் சீட்டு விற்பவர் எவருமிலர். ஆதரவாளர் நம்ப விரும்புகின்றனர். நிருவாகத்தினர் நம்பச் செய்யவேண்டியவராகின்றனர். பின்னர், தாம் விதைத்த நம்பிக்கைக்குத் தாமே அடிமையாகின்றனர்.

இதன் பயன் கணக்கேடுகளில் தெளிவாகத் தெரிகின்றது. டெலோயிட் கணக்காய்வு நிறுவனத்தின் ஆய்வின்படி, 2018-19ஆம் பருவத்திற் சம்பியன்ஷிப் கழகங்கள் ஈட்டிய மொத்த வருவாயில் 107 வீதம் ஊதியமாகவே சென்றது. அஃதாவது, நூறு பவுண் வருவாயுள்ளவன் ஊதியத்துக்கு மட்டும் நூற்றேழு பவுண் செலவிட்டான். மின்சாரமும் பராமரிப்பும் கடன்வட்டியும் அதற்கு வெளியே. எஞ்சிய பள்ளத்தை உரிமையாளரின் கொடையோ கடனோ நிரப்புகின்றது. மூன்றாண்டுகளில் 3 கோடி 90 இலட்சம் பவுணுக்கு மேல் நட்டமடையலாகாது என்று லீக் விதித்த வரம்பை மீறிய கழகங்களும் உள. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம்மூர்ப் பழமொழி. அங்கோ அளவாமலே ஆற்றிற் போடுவதற்குக் காரணம், ஆற்றின் அக்கரையில் தெரியும் புதையலாகும். 2025ஆம் ஆண்டின் இறுதி ஏற்ற ஆட்டத்தில் வெல்லும் கழகத்துக்குச் சில ஆண்டுகளிற் சேரக்கூடிய மேலதிக வருவாய் 20 கோடிப் பவுண் அளவினது என மதிப்பிடப்பட்டது. ஓர் ஆட்டத்தின் முடிவில் இத்துணைப் பொருள் தொங்குமாயின், அளவறிந்து வாழ்தல் எளிதன்று.

நான்கு நகரங்களின் கதை

இப்பொதுவுண்மையை விளக்கும் எடுத்துக்காட்டுகளுள் முதலாவது லீட்ஸ் யுனைற்றெட். 2001ஆம் ஆண்டில் அக்கழகம் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்றது. அவ்வாண்டிலேயே, எதிர்காலத்தில் ஆடுகள வாயிலிற் சேரவிருக்கும் பணத்தை ஈடாக வைத்து, 25 ஆண்டுகளில் இறுக்கவேண்டிய 6 கோடிப் பவுண் கடன் பெறப்பட்டது. கூர்ந்து நோக்கின், ஈடாக வைக்கப்பட்டது நிலமன்று, கட்டடமுமன்று. இன்னும் வராத கூட்டமாகும். ஆண்டுதோறும் ஐரோப்பியப் போட்டியில் இடம் கிடைக்கும் என்னும் எண்ணத்தின்மேல் எழுந்த கணக்கு, அவ்விடம் கிடையாதபோது சரிந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர்பின் ஒருவராக விற்கப்பட்டனர். 2004இல் கழகம் மேற்பிரிவிலிருந்து இறங்கிற்று; அவ்வாண்டே எலன்ட் றோட் ஆடுகளமும் விற்கப்பட்டது. 2007இல் மூன்றாம் படிக்கு வீழ்ந்தது. அங்கே கழித்த மூன்று பருவங்களிலும் அதன் சராசரிக் கூட்டம் 23,000க்குக் குறையவில்லை. மீண்டும் மேற்பிரிவைக் காண 2020 வரை, பதினாறு ஆண்டுகள், அந்நகரம் காத்திருந்தது. கூட்டம் கழகத்தைக் கைவிடவில்லை; கூட்டத்தின் பெயராற் பெற்ற கடனே கழகத்தை வீழ்த்திற்று.

இரண்டாவது சண்டர்லாந்து. கப்பல் கட்டுந் தொழிலும் நிலக்கரியும் மறைந்துபோன அவ்வடபுல நகரில், 1997இல் திறக்கப்பட்ட ஆடுகளம் ஏறத்தாழ 49,000 பேரைக் கொள்வது. 2017இலும் 2018இலும் அடுத்தடுத்து இறங்கி அக்கழகம் மூன்றாம் படியை அடைந்தது. நத்தாருக்கு மறுநாளான 2018 திசெம்பர் 26இல் அங்கு நடந்த ஆட்டத்தைக் கண்டோர் 46,039 பேர். அப்படியில் அத்துணைக் கூட்டம் கூடுவது அரிது. அப்பருவத்தின் சராசரியும் 30,000க்கு மேற்பட்டது. கூட்டமே தகுதியாயின் அவ்வாண்டே ஏறியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு: இறுதி ஏற்ற ஆட்டத்திற் சால்ற்றன் கழகத்திடம் தோற்று, நான்கு பருவங்கள் அங்கேயே கிடந்தது. 2022இல் ஒருபடி ஏறியபின், இளம் ஆட்டக்காரரைத் தேடி வளர்க்கும் வழியைப் பற்றிக்கொண்டு, 2025 மே மாதத்தில் வெம்பிளி ஆடுகளத்தில் செபீல்ட் யுனைற்றெட்டை 2-1 என வென்று மேற்பிரிவை மீண்டும் எய்திற்று. அப்பருவ அட்டவணையில் அது நான்காம் இடத்திலும் தோற்ற கழகம் மூன்றாம் இடத்திலும் நின்றன. இடைவெளி 14 புள்ளிகள். திறமையோடு நல்லூழும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது போட்ஸ்மத். 2008இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற அக்கழகத்தின் பழைய ஆடுகளம் 20,000 பேர் அளவிலேயே கொள்ளும். வருவாய்க்கு ஒவ்வாத ஊதியங்களைச் சுமந்து, 2010 பெப்புருவரியிற் கடனிறுக்க இயலாது சட்டப்படி நிருவாகி ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டது. பிரிமியர் லீக் கழகமொன்று அந்நிலை அடைந்தது அதுவே முதன்முறை. 2013இல் அது நான்காம் படிக்குச் சரிந்தபோது, அதனை வாங்கியவர் செல்வந்தர் அல்லர், ஆதரவாளரே. ஏறத்தாழ ஆளுக்கு ஆயிரம் பவுண் இட்டு, ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் பங்காளராயினர். நான்காம் படியிலும் 15,000 பேர் வரை ஆட்டங்காண வந்தனர். கடன் தீர்ந்தது, 2017இல் அப்பிரிவின் முதலிடமுங் கிடைத்தது. ஆனால் அவ்வாண்டிலேயே அப்பங்காளர், தம் வாக்காலே, கழகத்தை அமெரிக்கச் செல்வர் ஒருவரின் நிறுவனத்துக்கு விற்க இசைந்தனர். பழுதுற்ற ஆடுகளத்தைத் திருத்தவும் மேலும் ஏறவும் தம்மிடம் பணம் போதாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தாமே உரிமையாளரான கூட்டத்தையும் ஏற்ற வேட்கை விட்டபாடில்லை என்பது இதனால் விளங்கும்.

நான்காவது கதை துயரமானது. மன்செஸ்ரருக்கு அயலேயுள்ள பெரி எனும் ஊரின் கழகம் 1885இல் தோன்றியது. 1900இலும் 1903இலும் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. அண்மைக்காலத்தில் அதன் கூட்டம் ஏறத்தாழ 4,000. அச்சிறு கூட்டம் தாங்கக்கூடிய அளவுக்கு மிஞ்சிய ஊதியங்களோடு அணி திரட்டப்பட்டது. 2019 வசந்தத்தில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தவறியது. ஆயினும் அவர்கள் நன்கு ஆடி, நான்காம் படியில் இரண்டாமிடம் பெற்று ஏற்றத்தை ஈட்டினர். ஊரார் அக்களிப்பைத் துய்க்க இருந்தது ஏறத்தாழ நான்கு திங்கள் மட்டுமே. கடனைத் தீர்க்கும் வகையைக் காட்ட இயலாமையால், 2019 ஓகஸ்ற் 27ஆந் தேதி, ஏறிய பிரிவில் ஓர் ஆட்டமேனும் ஆடாமலே, அக்கழகம் லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. தாங்கள் விரும்பிய ஏற்றத்தை அவ்வூரார் பெற்றனர், கழகத்தை இழந்தனர். 2023இல் ஆதரவாளர் ஒன்றுகூடிப் பழைய ஆடுகளத்தில் மீண்டும் அணியை இறக்கியபோது, அஃது ஏணியின் மிகக் கீழான படியொன்றிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

சிறிய கூட்டம் ஏறிய வழி

இவற்றுக்கு எதிர்மாறாக, சிறிய கூட்டங்கள் உச்சிக்குச் சென்றதும் உண்டு. 11,500க்குங் குறைந்த இருக்கைகளுடைய போண்மத் 2015இல் மேற்பிரிவை அடைந்தது. இதனை அற்புதம் என்று கூறுவோர், அப்பருவத்தில் அக்கழகம் 3 கோடி 80 இலட்சம் பவுண் நட்டமடைந்ததையும், வரம்பு மீறியமைக்காகப் பின்னர் 47 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் செலுத்தியதையும் சேர்த்துக் கூறுவதில்லை. அங்கே ஏணியாய் அமைந்தது கூட்டமன்று, உரிமையாளரின் பணப்பை.

லூற்றன் ரவுண் கழகத்தின் வழி வேறு. 2008-09ஆம் பருவத்தில் 30 புள்ளிகள் குறைக்கப்பட்டு லீக்கைவிட்டே வெளியேறிய அக்கழகத்தை ஆதரவாளர் குழுவொன்று பொறுப்பேற்று, வருவாய்க்கு அடங்கிய செலவோடு நடத்திற்று. 2014இல் லீக்கிற்கு மீண்டு, 2023இல் மேற்பிரிவையும் எய்தியது. ஓர் ஆண்டில் அங்கிருந்து இறங்கியது. 2025இல் மேலும் ஒருபடி இறங்கியது. 2023இல் ஏறிய மூன்று கழகங்களும் 2024இல் இறங்கின. 2024இல் ஏறிய மூன்றும் 2025இல் இறங்கின. ஏறுதல் ஒரு வெற்றி. அங்கே நிற்றல் வேறொரு போர். ஏற்றத்தை மட்டுமே எல்லையாகக் கொண்ட ஆதரவாளர், மறுவாண்டு வாரந்தோறும் தோல்வியைக் காணும்போது திகைப்பது இதனாலேயாம்.

கூட்டத்தின் மெய்யான மதிப்பு

அங்ஙனமாயின் பெருங்கூட்டத்தினாற் பயனில்லையோ எனில், அவ்வாறு முடிவு செய்தல் தவறாகும். உரிமையாளர் மாறுவர், ஒளிபரப்பு நிறுவனம் மாறும், ஆட்டக்காரர் ஈராண்டில் வேறு கழகத்தின் உடையை அணிவர். மாறாது நிற்பது கூட்டமொன்றே. 1998-99இல் மன்செஸ்ரர் சிற்றி மூன்றாம் படியில் ஆடியபோதும் சராசரியாக 28,000 பேருக்கு மேல் அதனைக் காண வந்தனர். வீழ்ந்த கழகத்தைப் பின்வருவார் வாங்கத் துணிவதும், அதன் பெயர் அழியாது நிற்பதும் அக்கூட்டம் உண்டு என்னும் உறுதியினாலேயே. ஆகவே கூட்டம் ஏறுதற்குரிய ஏணியன்று. விழும்போது தாங்கும் நிலமாகும். ஏணியை எவரும் செய்யலாம். நிலத்தை ஒரு நாளிற் செய்தல் இயலாது.

கூட்டத்திற்கு இன்னொரு வலிமையும் உண்டு, அஃது வாராதிருத்தல். செபீல்ட் வென்ஸ்டே கழகத்தில் ஊதியங்கள் பிந்திய 2025ஆம் ஆண்டில், அதன் ஆதரவாளர் உரிமையாளருக்கு எதிர்ப்பாக ஒக்டோபர் மாத ஆட்டமொன்றைப் புறக்கணித்தனர். அம்மாதம் 24ஆந் தேதி கழகம் நிருவாகியின் பொறுப்பிற் சென்றது. 12 புள்ளிகளும் குறைக்கப்பட்டன. தண்டனை பெற்ற அக்கழகத்துக்கு உதவ, விலகிநின்ற அதே மக்கள் சீட்டு வாங்கத் திரும்பினர். கழகத்தையும் அதனை ஆள்வோரையும் வேறுபிரித்து நோக்கக் கூட்டம் கற்றுக்கொண்டது என்பதே அந்நிகழ்ச்சியின் பொருள்.

அரசும் இதனை உணர்ந்துள்ளது. பெரி கழகத்தின் வீழ்ச்சி போன்றவை எழுப்பிய கவலையால் ஆதரவாளரின் நோக்கிலிருந்து ஆராய்வொன்று நடத்தப்பட்டு, அதன் அறிக்கை 2021இல் வெளிவந்தது. அதனடியாக, உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் 2025 யூலையில் நிறைவேறிற்று. கழகங்கள் உரிமம் பெறுதல், பொருள்நிலையைத் தன்னுரிமையுடைய ஒழுங்காளர் கண்காணித்தல், ஆடுகளத்தையும் மரபுச் சின்னத்தையும் எளிதில் விற்கவோ மாற்றவோ இயலாதவாறு காத்தல், ஆதரவாளரைக் கலந்தாலோசித்தல் ஆகியவற்றை அச்சட்டம் வகுக்கின்றது. செலவைக் கட்டுப்படுத்தச் சட்டத்தால் இயலும்; எதிர்பார்ப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் எங்கும் இல்லை. அது மக்கள் தாமே தம் உள்ளத்தில் இயற்றவேண்டியதொன்று.

பெருங்கூட்டமுடைய கழகம் கீழ்ப்பிரிவிற் கிடத்தலைக் கும்பகருணனின் துயிலுக்கு ஒப்பிடலாம். எழுந்தால் உலகை நடுக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு. ஆனால் தன் காலம் வருமுன், பிறர் அவசரத்துக்காக, முரசறைந்தும் யானைகளை நடத்தியும் எழுப்பப்பட்ட அவன் சென்றது அழிவை நோக்கியே. கடன் என்னும் முரசால் எழுப்பப்படும் கழகங்களின் கதியும் அத்தகையதே. ஆதலால் ஆதரவாளர் நிருவாகத்தினரை நோக்கி 'எப்பொழுது ஏறுவோம்' என்று கேட்கும்போது, அதனோடு 'எதனைக் கொடுத்து ஏறுவோம்' என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். முதல் வினாவுக்கு விடை ஒரு பருவத்திற் கிடைக்கும். இரண்டாம் வினாவுக்கு உரிய விடையே, அவர்தம் மக்களும் அதே இருக்கையில் அமர்ந்து அதே கழகத்தைக் காண்பரா என்பதைத் தீர்மானிக்கும்.